நேர்கோடு கண்ணில் இல்லை



ஒருவர் பார்வையை இழந்தவுடன் வீட்டார் அவரிடமிருந்து முதலில் வாங்கி வைப்பது எது? அவர் கையிலிருந்த வேலையைத்தான். "நீங்கள் உட்காருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறோம். அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் அந்த அன்பே அவரைத் திண்ணையில் ஒரு மூலையில் உட்காரவைத்துவிடுகிறது. ஆகவே இம்முறை ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அதைப் பார்வையற்றோர் எவ்விதம் செய்கிறார்கள் என்று படிப்படியாய்க் கற்றுக்கொள்வோம்.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பல வீடுகளைச் சுற்றிப் புல்தரை உண்டு. கோடைகாலத்தில் அதை அடிக்கடி வெட்டவேண்டும். பெரும்பாலும் வீட்டுக்காரரே இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டுபோய் வெட்டுவார். பார்வையற்றோர் பலரும் இந்த வேலையைத் தாங்களே செய்கிறார்கள். கேட்பவர்களுக்கு எழும் முதல் கேள்வி, "கண் தெரியாமல் நேராகப் போவது எப்படி?" என்பதே.

1. யாருக்கும் உள்ளே நேர்கோடு இல்லை

கண் தெரிகிறவர்களுக்கு நேர்கோடு இயல்பாகவே இருக்கிறது என்று நினைக்கிறோம். அது சரியல்ல. ஜெர்மனியில் டூபிங்கன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த யான் சௌமனும் அவருடைய தோழர்களும் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நல்ல பார்வையுள்ளவர்களைப் பெரிய காட்டிலும் சஹாரா பாலைவனத்திலும் நேராக நடக்கச் சொன்னார்கள். சூரியன் தெரிந்தபோது காட்டில் நடந்தவர்கள் ஏறக்குறைய நேராகப் போனார்கள். மேகம் மூடிய நாளில் நடந்தவர்களோ வட்டமாய்ச் சுற்றி, தாங்கள் வந்த பாதையையே அறியாமல் மறுபடியும் கடந்தார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தவர்களில் சிலர் 20 மீட்டருக்கும் குறைந்த குறுக்களவுள்ள வட்டங்களில் சுற்றினார்கள். ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை என்பது காரணமல்ல. அதே மனிதர் ஒரு தடவை இடப்பக்கமும் மறு தடவை வலப்பக்கமும் திரும்பினார்.

இதிலிருந்து என்ன அறிகிறோம்? நேராகப் போக, நமக்கு வெளியே ஒரு குறி வேண்டும். கொத்தனார் சுவர் எழுப்பும்போது நூல் கட்டுகிறார். வரிசை நடவுக்குக் கயிறு பிடிக்கிறோம். கண் தெரியாததாலா? இல்லை, கண்ணை மட்டும் நம்பினால் கோணலாகும் என்பதால்தான். பார்வையற்றவருக்கும் வேண்டியது ஒரு குறிதான். அதை அவர் கண்ணுக்குப் பதிலாகக் காலாலும் காதாலும் கையாலும் எடுத்துக்கொள்கிறார்.

2. காலும் காதும்

முதலாவது, அவர் நேரான ஓர் ஓரத்திலிருந்து தொடங்குகிறார். நடைபாதையின் விளிம்போ, சுவரோ, வேலியோ இருந்தால் போதும். சுவரில் முதுகை ஒட்டி நின்றால், முகம் சுவருக்கு நேர் எதிரே பார்க்கும். நடைபாதை ஓரமாகச் சக்கரத்தை உரசவிட்டு முதல் வரிசையை வெட்டுகிறார். அந்த முதல் வரிசை நேராக இருந்தால், அடுத்ததற்கு அதுவே வழிகாட்டி.

இரண்டாவது, கால் சொல்வதைக் கவனிக்கிறார். வெட்டிய புல் கட்டையாகவும் கெட்டியாகவும் இருக்கும். வெட்டாத புல் செருப்பின் பக்கத்தில் உரசும். ஆகவே, முந்தின வரிசையின் ஓரம் எங்கே என்று ஒவ்வோர் அடியிலும் கால் சொல்லிக்கொண்டே வரும். சிறிது விலகினாலும் விட்டுப்போகாதபடி, முந்தின வரிசையின் ஒரு பகுதியை மறுபடியும் சேர்த்தே வெட்டுவார்.

மூன்றாவது, காது. வெட்டாத புல்லில் இயந்திரம் திணறும், சத்தம் கனக்கும். வெட்டிய இடத்துக்கு வந்தால் சத்தம் இலகுவாகும். தரையின் மறுமுனையில் ஒரு வானொலியைப் பாடவிட்டு அதை நோக்கிப் போகிறவர்களும் உண்டு. பெட்ரோல் இயந்திரத்தின் இரைச்சலில் அது எளிதில் அமுங்கிவிடும். கையால் தள்ளும் இயந்திரத்துக்கே அது நன்றாக உதவும். கன்னத்தில் படும் வெயிலும் திசை காட்டும். ஆனால் சூரியன் மணிக்கு 15 பாகை நகருவதால் நெடுநேரம் அதை நம்புவதற்கில்லை.

எல்லாம் முடிந்தபின் முன்பு வெட்டியதற்குக் குறுக்காக இன்னொரு முறை வெட்டினால், விட்டுப்போன கீற்றுகளும் சரியாகிவிடும்.

3. கயிறும் கம்பமும்

பரந்த வெளியில் ஓரம் எதுவும் இல்லாதபோது இரண்டு முளைகளை அடித்து, இடுப்பு உயரத்தில் கயிற்றை இழுத்துக் கட்டுகிறார்கள். கயிறு தொய்ந்து தரையில் கிடந்தால் கத்தியில் சுற்றிக்கொள்ளும். ஆகவே விறைப்பாக இருக்கவேண்டும். ஒரு வரிசை முடிந்ததும் இரு முளைகளையும் ஒரே அளவு நகர்த்திக்கொள்ளலாம்.

வேறொரு முறையும் உண்டு. நடுவில் அசையாத கம்பம் ஒன்றை நட்டு, நீண்ட கயிற்றின் ஒரு முனையை அதிலும் மறுமுனையை இயந்திரத்திலும் கட்டுவார்கள். கயிறு தளராமல் சுற்றிவந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் கம்பத்தின் சுற்றளவு எவ்வளவோ அவ்வளவு கயிறு குறையும். கம்பத்தின் குறுக்களவு 14 செ.மீ. என்றால் சுற்றளவு சுமார் 44 செ.மீ. இயந்திரம் 50 செ.மீ. அகலம் வெட்டுமானால், சுற்றுக்குச் சுற்று 6 செ.மீ. மேற்படிந்து, இடைவெளியின்றி நடுவரை வந்துசேரும். இங்கே பாதை நேர்கோடு அல்ல, வட்டம். ஆனாலும் பாடம் ஒன்றே. குறி வெளியே இருக்கிறது. வேலை அவர் கையில் இருக்கிறது.

4. ஆபத்தைக் குறித்து

சுழலும் கத்தி விளையாட்டல்ல. கண் தெரிகிறவர்களும் விரல்களை இழந்திருக்கிறார்கள். ஆகவே, வெட்டுமுன் தரை முழுவதும் நடந்து கல், குச்சி, பொம்மை யாவற்றையும் பொறுக்கிவிடவேண்டும். பாதத்தை முழுவதும் மூடும் காலணி வேண்டும். இயந்திரத்தைத் தம்மை நோக்கி இழுக்கலாகாது. அது முழுவதும் நிற்குமுன் அடியில் கைவிடலாகாது. குழந்தைகள் வீட்டுக்குள் இருக்கவேண்டும்.

அமெரிக்காவில் 1982 முதல், தள்ளிச்செல்லும் இயந்திரங்களில் கைப்பிடியை விட்டவுடன் 3 வினாடிக்குள் கத்தி நிற்கவேண்டும் என்பது விதி. இது பார்வையற்றோருக்கென்று வந்ததல்ல, எல்லோருக்குமாக வந்தது. ஆபத்தைக் குறைக்க வழி, வேலையைப் பறிப்பதல்ல. வேலையைச் சீராக அமைப்பதே.

5. நம்முடைய பங்கு

2011 ஜனவரி 29 அன்று அமெரிக்காவின் டேடோனா பந்தயத் திடலில் மார்க் ரிக்கபோனோ என்ற பார்வையற்றவர் மோட்டார் காரைத் தாமே ஓட்டிக் காண்பித்தார். பார்வையற்றோரின் தேசியக் கூட்டமைப்பும் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த முயற்சி அது. எந்தப் பக்கம், எவ்வளவு திருப்பவேண்டும் என்பதைக் கையுறையின் அதிர்வு சொன்னது. வேகத்தைக் குறித்து இருக்கையின் அதிர்வு சொன்னது. திருப்பியது அவருடைய கையே. முன்னே சென்ற வண்டியிலிருந்து போடப்பட்ட பெட்டிகளை விலக்கி ஓட்டி, அந்த வண்டியையும் முந்திச் சென்றார்.

குறியைக் கொடுப்பது வேறு; கையைப் பிடித்து இழுப்பது வேறு. முன்னது ஒருவரை வேலைக்காரராக்கும். பின்னது அவரைச் சுமையாக்கும். பார்வையற்றோர் வழியில் இடறல் வைக்கலாகாது என்ற லேவியராகமக் கட்டளையை நாம் அறிவோம். அவர் கட்டிய கயிற்றைச் சொல்லாமல் அவிழ்ப்பதும், வைத்த இடத்திலிருந்து கருவியை மாற்றி வைப்பதும் இடறல்தான். "உங்களுக்கு ஏன் இந்தச் சிரமம்?" என்று வாங்கிக்கொள்வதும் சிலவேளை இடறலாகிவிடுகிறது.

உங்கள் வீட்டிலோ சபையிலோ பார்வை மங்கிவரும் பெரியவர் ஒருவர் இருக்கலாம். அவரிடமிருந்து எதை வாங்கி வைத்தோம் என்று எண்ணிப் பாருங்கள்.

சிந்திக்க:

அ) அவர் முன்பு செய்த வேலைகளில் எதை மறுபடியும் தொடங்க விரும்புகிறார்? நாமே தீர்மானிக்காமல் அவரிடம் கேட்டோமா?

ஆ) அந்த வேலைக்குக் கயிறு, விளிம்பு, சத்தம் ஆகியவற்றில் எந்தக் குறி உதவும்?

இ) குறியை அமைத்துக் கொடுத்தபின், விலகி நிற்க நமக்குப் பொறுமை உண்டா?