போர்க்காலத்தில் ஒரு பேச்சு

2025 ஏப்ரல் 22. காஷ்மீரில் பகல்காம் என்ற ஊர். தீவிரவாதிகள் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மே 7 அன்று நமது இராணுவம் பதிலடி கொடுத்தது. நாடெங்கும் கோபம்.

அப்போது ஒரு சட்டக் கல்லூரி மாணவி கோபமாகப் பேசி, வீடியோ வெளியிட்டார். அது முஸ்லிம் மக்களின் மனத்தைப் புண்படுத்தியது. பிறகு அதை நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. மே 30 அன்று கொல்கத்தா போலீசார் அவரைக் கைது செய்தார்கள்.

ஜூன் 3 அன்று கல்கத்தா உயர் நீதிமன்றம் ஜாமீன் தரவில்லை. பேச்சுரிமை பிறரைப் புண்படுத்த அல்ல என்றது. ஜூன் 5 அன்று வேறு நீதிபதி இடைக்கால ஜாமீன் கொடுத்தார். அவருக்குப் பாதுகாப்புத் தரவும் சொன்னார்.

சட்டம் என்ன சொல்கிறது? பேச நமக்கு உரிமை உண்டு. ஆனால் வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு ஒரு மதத்தை இழிவுபடுத்தினால் 3 ஆண்டு வரை சிறை. பேசியவரைக் கொல்வேன் என்று மிரட்டுவதும் குற்றமே.

கௌதள்ளி ஆனாலும் கொல்கத்தா ஆனாலும் சட்டம் ஒன்றுதான்.

சிந்தியுங்கள்:
1. எல்லையில் சண்டை நடந்தால் பக்கத்து வீட்டுக்காரர் எதிரி ஆவாரா?
2. ஒருவர் தவறாகப் பேசினால் நீங்கள் என்ன செய்வீர்கள்?