ஒலி வந்த வழியே

நுழையும்முன்

பழுதான பொருளைக் கண்டதும் ‘மாற்றிவிடலாம்’ என்று சொல்வது எளிது. பழுது எங்கே இருக்கிறது என்று கண்டறியப் பொறுமையும் முறையும் வேண்டும். அத்தகைய தேடல் ஒன்றை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் சொற்களில் இப்பாடம் கூறுகிறது.

அது ஜூலை மாதம். அம்பர்நாத்தில் மூன்று நாள்களாக மழை விடவில்லை. மாதுங்காவில் உள்ள கொச்சு குருவாயூர் கோயிலுக்குச் சென்றுவிட்டு மகிழுந்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். மறைந்த பாட்டி பாடிய தாலாட்டு ஒன்று அப்பாவின் கைப்பேசியில் பதிவாகியிருந்தது. அதைக் கேட்கத் தாத்தா விரும்பினார், அப்பா ஒலிக்கவிட்டார். பாட்டியின் குரல் கரகரத்தது. இடையிடையே அறுந்து ஒலித்தது. தாத்தாவின் முகம் வாடியது. “பதிவு கெட்டுவிட்டதோ?” என்று மெல்லக் கேட்டார். எங்களிடம் இருந்தது அந்த ஒரே பதிவுதான்.

மறுநாள் வண்டியை ஒரு கடையில் காட்டினோம். சிறிது நேரம் கேட்ட கடைக்காரர், “நான்கு ஒலிபெருக்கிகளையும் மாற்றிவிடுங்கள்” என்றார். அப்பா பணப்பையை எடுத்தபோது தாத்தா தடுத்தார். அவர் அம்பர்நாத் படைக்கலத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். “எது கெட்டது என்று தெரியாமல் எதையும் மாற்றக் கூடாது. வீட்டுக்குப் போவோம்” என்றார்.

வீட்டில் ஒரு தாளை எடுத்து, ஒலி செல்லும் வழியை அவர் வரைந்தார்: கைப்பேசி, இசைக்கருவி, கம்பி, ஒலிபெருக்கி. “இந்த நான்கில் ஏதோ ஓரிடத்தில் ஒலி கெடுகிறது. ஒவ்வொன்றாகச் சோதிப்போம். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால், எதனால் சரியாயிற்று என்று நமக்குத் தெரியாமல் போய்விடும், அம்மா” என்றார்.

முதலில் கைப்பேசி. காதணிபேசியை இணைத்துத் தாத்தாவிடம் கொடுத்தேன். அவர் கண்களை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார். குரலில் ஒரு கீறலும் இல்லை. பதிவு கெடவில்லை என்று தெரிந்ததும் எனக்கே மூச்சு வந்தது. அன்றே அதைக் கணினியில் படியெடுத்து வைத்தோம்.

அடுத்தது இசைக்கருவி. “உரக்க வைக்கும்போது மட்டும் கெடுகிறதா, மெல்ல வைத்தாலுமா?” என்று தாத்தா கேட்டார். மகிழுந்தின் மின்கலம் 12 வோல்ட் அளிப்பது. வண்டி ஓடும்போது அது ஏறத்தாழ 14 வோல்ட் ஆகும். இசைக்கருவியில் உள்ள பெருக்கி இந்த எல்லையைத் தாண்டி ஒலியலையை உயர்த்த இயலாது. மேலும் கூட்டினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகும். அதுவே நம் காதில் கரகரப்பாகக் கேட்கும். தாழ்சுருதி ஒலியை 10 டெசிபெல் கூட்டினால் அதற்குப் பத்து மடங்கு ஆற்றல் தேவை. அப்பா அதை உச்சத்தில் வைத்திருந்தார். நடுநிலைக்குக் கொண்டுவந்து, ஒலியையும் குறைத்தோம். கரகரப்பு நிற்கவில்லை. ஆகவே, காரணம் அதுவன்று.

பின்னர், ஒலியை இடம், வலம், முன், பின் எனப் பிரித்தனுப்பும் அமைப்பைத் திருப்பிப் பார்த்தோம். மூன்று ஒலிபெருக்கிகள் தெளிவாக ஒலித்தன. முன்பக்க இடக் கதவில் இருந்தது மட்டுமே கரகரத்தது. கதவின் பையில் கிடந்த புட்டியையும் சில்லறைக் காசுகளையும் அகற்றினோம். அவையும் அதிர்ந்து ஓசை எழுப்பக்கூடும் அல்லவா? மாற்றம் இல்லை.

“அப்படியானால் இந்த ஒலிபெருக்கிதான் கெட்டது” என்றேன்.

“அவசரப்படாதே. அதனிடமே கேட்போம்” என்றார் தாத்தா.

அப்பா மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, முன்கதவுகளின் ஒலிபெருக்கிகள் இரண்டையும் இடம் மாற்றி இணைத்தார். பிறகு மின்னிணைப்பைத் தந்து கேட்டோம். இடக் கதவில் இருந்து வந்த ஒலிபெருக்கி வலப்பக்கத்தில் தெளிவாகப் பாடியது. நல்ல ஒலிபெருக்கியோ இடப்பக்கத்தில் கரகரத்தது! பழுது ஒலிபெருக்கியோடு நகரவில்லை, இடப்பக்கத்திலேயே தங்கிவிட்டது.

எஞ்சியவை இசைக்கருவியின் இடப்பக்க வெளியீடும் கம்பியும். தாத்தா கதவை மெல்லத் திறந்து மூடச் சொன்னார். திறக்கும்போதெல்லாம் ஒலி அறுந்தது. கீல் அருகே இருந்த ரப்பர் உறையை விலக்கிப் பார்த்தோம். பல ஆண்டுகளாக வளைந்து நிமிர்ந்ததில் கம்பியின் செப்பு இழைகள் அறுந்து, இரண்டு மூன்று மட்டுமே ஒட்டிக்கொண்டிருந்தன. ஈரம் பட்டு அவையும் பச்சை பூத்திருந்தன.

மீண்டும் மின்கல இணைப்பைக் கழற்றிய அப்பா, கெட்ட பகுதியை வெட்டி, புதுக் கம்பியை ஈயப்பற்று வைத்து இணைத்து, காப்புறை இட்டார். செலவு ஒரு முழக் கம்பி. அன்று மாலை தாத்தா முன்னிருக்கையில் அமர்ந்து தாலாட்டை இருமுறை கேட்டார்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஒலி கெட்டுக் கேட்ட இடத்தையே பழுதான இடம் என்று எண்ணிவிட்டார். துன்பம் தெரியும் இடம் வேறு. அது தொடங்கும் இடம் வேறாகவும் இருக்கலாம்.

அறிந்துகொள்வோம்

1930ஆம் ஆண்டு அமெரிக்காவின் கால்வின் நிறுவனம் மகிழுந்து வானொலியை ‘மோட்டோரோலா’ என்னும் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இயந்திரத்தின் மின்பொறி வானொலியில் இரைச்சலாகக் கேட்டது, அக்காலப் பொறியாளர்கள் தீர்க்க வேண்டியிருந்த பெருஞ்சிக்கல். இன்றும் இயந்திர வேகத்தோடு சேர்ந்து உயரும் கீச்சொலி கேட்டால், முதலில் தரையிணைப்பைச் சோதிக்க வேண்டும்.

சொற்பொருள்

படைக்கலம் – போர்க்கருவி
பெருக்கி – மின்குறிப்பை வலிமையாக்கும் கருவி
தாழ்சுருதி – ஆழ்ந்த, கனத்த ஒலி
கீல் – கதவு சுழல உதவும் இணைப்பு
படியெடுத்தல் – நகலெடுத்தல்

மதிப்பீடு

1. ஒருமுறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும் என்று தாத்தா கூறியது ஏன்?
2. ஒலிபெருக்கிகளை இடம் மாற்றியதால் எது உறுதியாயிற்று? விளக்குக.
3. இடம் மாற்றியபோது பழுது வலப்பக்கத்துக்கு நகர்ந்திருந்தால் நீவிர் என்ன முடிவுக்கு வருவீர்?
4. பிரித்து எழுதுக: முன்னிருக்கை, மின்னிணைப்பு.
5. உம் வீட்டில் பழுதான பொருள் ஒன்றின் காரணத்தைப் பெரியவர் துணையுடன் தேடிய முறையைப் பத்து வரிகளில் எழுதுக.