தானமும் பற்றின்மையும்: துணையிழந்த தாய்க்குப் பணமாக உதவுதல்

அட்சய திருதியை நாளில் நாம் நினைவுகூரும் வரலாறு நம் இல்லத்துச் சிறுவர்க்கும் தெரிந்ததே. ஆதிபகவன் துறவு பூண்டு ஆறு திங்கள் உண்ணா நோன்பிருந்தார். பின்னர் ஆகாரம் ஏற்கும் பொருட்டு ஊர்தோறும் நடந்தார். கண்டவர் யாவரும் அன்பினால் உருகினர். யானையும் குதிரையும் கொணர்ந்தனர். மணியும் பொன்னும் குவித்தனர். கன்னியரை மணமுடித்துத் தரவும் முன்வந்தனர். பெருமான் எதனையும் ஏற்கவில்லை. மேலும் பல திங்கள் கழிந்தபின் அத்தினாபுரத்துச் சிரேயாம்சன், முற்பிறவி நினைவால் முறையறிந்து, கரும்புச்சாற்றைப் பெருமானின் கைகளில் வார்த்தான். தானநெறியைத் தொடங்கிவைத்தவன் என இன்றும் போற்றப்படுகிறான்.

இவ்வரலாற்றில் உலோபி ஒருவரும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லோரும் கொடுக்கவே முன்வந்தனர். ஆயினும் பெருமான் பசித்திருந்தார். கொடுப்பவர் தம் பெருமைக்கு ஏற்றதைக் கொணர்ந்தனரேயன்றி, ஏற்பவரின் தேவையை அறிந்து கொணரவில்லை. இப்பிழை இன்றும் நம்மிடையே உண்டு. துணையிழந்து பிள்ளைகளோடு தனித்து நிற்கும் தாய்க்கு நாம் செய்யும் உதவியை எடுத்துக்கொண்டு அதனை ஆராய்வோம்.

நூல் கூறும் நான்கு

தன் பொருளை நன்மை கருதித் துறந்து கொடுத்தலே தானம் என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் தரும் கருத்து. கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்பவர், கொள்பவர் ஆகிய நான்கினாலும் தானத்தின் பயன் வேறுபடும் என்றும் அவ்வத்தியாயம் விளக்குகிறது. இவை முனிவர்க்கு அளிக்கும் பாத்திரதானத்தை முதன்மையாகக் கருதியவை. எனினும், துன்புற்றார்க்கு இரங்கி அளிக்கும் கருணைதானத்தை எடைபோடவும் இந்நான்கும் உதவும்.

அதே அத்தியாயம் மற்றொன்றையும் கூறுகிறது. பரிக்கிரகம் என்பது பொருளன்று; பொருளின்மேல் உள்ள மயக்கமே பரிக்கிரகம். இதனை நாம் நம்மிடம் இருக்கும் பொருளுக்கு மட்டும் பொருத்திப் பார்க்கிறோம். பிறர்க்குக் கொடுத்துவிட்ட பொருளின்மீதும் அம்மயக்கம் தங்கக்கூடும். “நான் கொடுத்ததை அவள் என்ன செய்தாள்?” என்று கேட்கும்போது, அப்பொருள் நம் கையை விட்டு நீங்கிற்றே தவிர, மனத்தை விட்டு நீங்கவில்லை.

ஒரு தாயின் கணக்கு

நான் ஆசிரியப் பணியிலிருந்த இறுதி ஆண்டுகளில் கண்டதைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் படித்த மாணவி ஒருத்தி வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு வரமாட்டாள். அவள் தந்தை இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. தாய் தொலைவிலிருந்த அரிசி ஆலைக்கு வேலைக்குச் சென்றாள். மூன்றாம் வகுப்பில் படித்த தம்பிக்கு உடல்நலம் குன்றினால் அக்காளே வீட்டில் இருந்தாக வேண்டும்.

நம்மவர் அக்குடும்பத்தைக் கைவிடவில்லை. தசலட்சண பருவத்தில் மூன்று வீட்டார் தலைக்கு ஒரு மூட்டையாக 75 கிலோ அரிசி அளித்தனர். பள்ளி திறந்தபோது நால்வர் குறிப்பேடுகள் கொடுத்தனர். புடைவைகளும் வந்தன. சில திங்களில் அத்தாய் இரண்டு மூட்டை அரிசியைக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டாள் என்ற செய்தி பரவியது. கொடுத்தவர்கள் வருந்தினர். நானும் சினந்தேன்; அவளை அழைத்துக் கேட்டும்விட்டேன்.

அவள் தன் கணக்கைச் சொன்னாள். கணவனின் மருத்துவத்திற்காகத் தோட்டை அடகு வைத்து வாங்கிய கடன் 4000 ரூபாய். நூற்றுக்கு மூன்று வட்டியாக மாதம் 120 ரூபாய். ஆண்டுக்கு 1440 ரூபாய். வட்டி தவறினால் தோடு மூழ்கிவிடும். மூன்று பேர் உண்ணும் வீட்டில் 75 கிலோ அரிசி நெடுநாள் இருந்தால் வண்டு விழும். உயிர்க்கொலைக்கு மனம் ஒப்பாது. ஆகவே அரிசியை விற்று வட்டி கட்டினாள். வாழ்நாள் முழுதும் கணக்குப் பாடம் கற்பித்த எனக்கு அவள் கணக்கில் பிழை காண இயலவில்லை. பிழை எங்கள் ஈகையில் இருந்தது.

பணமாகக் கொடுத்தபின்

அதன்பின் ஐந்து வீட்டார் சேர்ந்து, தலைக்கு 200 ரூபாயாக மாதம் 1000 ரூபாயை அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் செலுத்தினோம். இரண்டு ஆண்டுகள் கொடுப்போம் என்று முன்னரே அவளிடம் கூறினோம். எதற்குச் செலவிட்டாய் என்று கேட்பதில்லை என எங்களுக்குள் முடிவு செய்துகொண்டோம். அம்முடிவைக் காப்பதுதான் எங்களுக்குக் கடினமாயிருந்தது.

முதல் மாதம் கடையில் சில்லறையாகக் கடனுக்கு வாங்குவதை நிறுத்தி, மளிகையை மொத்தமாக வாங்கினாள். ஓராண்டுக்குள் தோடு மீண்டது. ஆனால் நாங்கள் எண்ணியும் பாராத மாற்றம் வேறொன்று. ஆலை வேலையை விட்டு, கூலி குறைவாயினும் ஊருக்குள்ளேயே கழனி வேலைக்குச் சென்றாள். ஒருநாள் என்னிடம், “இப்போது விளக்கு வைக்குமுன் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள், டீச்சர்” என்றாள்.

அதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. ஆலையிலிருந்து இருட்டியபின் வீடு திரும்பி உலை வைத்த நாள்களில் அவ்வீட்டில் இரவுண்ணாமை நோன்பு இல்லாமற் போயிருந்தது. அதனை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. வறுமை அவளுடைய நோன்பையும் பறித்திருந்தது. பணம் அவளுக்கு மாலைப்பொழுதைத் திருப்பிக் கொடுத்தது; மாலைப்பொழுது நோன்பைத் திருப்பிக் கொடுத்தது. எந்தப் பொருளாகக் கொடுத்திருந்தாலும் இதனை நாம் கொடுத்திருக்க முடியாது. மகளும் தவறாமல் பள்ளிக்கு வந்தாள்.

பிற இடங்களில் கண்டவை

ஒரு குடும்பத்தைக் கொண்டு பொதுவிதி கூறலாகாது. எனவே பெரிய அளவில் ஆராயப்பட்டவற்றையும் காண்போம்.

மத்தியப் பிரதேசத்தில் இந்தூரை அடுத்த எட்டுச் சிற்றூர்களில், 2011–2012 காலத்தில், ‘சேவா’ என்னும் சுயதொழில் புரியும் மகளிர் சங்கம் யுனிசெப் துணையோடு ஒரு சோதனை நடத்தியது. நிபந்தனை ஏதுமின்றி, வளர்ந்தவர்க்கு மாதம் 200 ரூபாயும், குழந்தைக்கு 100 ரூபாயும் வழங்கப்பட்டன. ஓராண்டிற்குப்பின் இவை 300, 150 என உயர்த்தப்பட்டன. குழந்தைகளின் பங்கு தாயிடம் தரப்பட்டது. மூன்று குழந்தைகளுடைய தனித்தாய்க்கு முதலில் 500 ரூபாயும் பின்னர் 750 ரூபாயும் கிடைத்திருக்கும் என்பது கணக்கு. பணம் பெறாத ஊர்களோடு ஒப்பிட்டபோது, இவ்வூர்களில் உணவு மேம்பட்டது, பெண் குழந்தைகளின் பள்ளி வருகை கூடியது, கடன்சுமை குறைந்தது, சொந்தத் தொழில் செய்வோர் பெருகினர். மதுச்செலவு கூடியதற்குச் சான்று இல்லை.

ஆப்பிரிக்காவில் கென்ய நாட்டின் ஏழைக் குடும்பங்களுக்குக் கைப்பேசி வழியே பணம் அனுப்பி ஆராய்ந்த முடிவுகள் 2016இல் வெளிவந்தன. அங்கும் உணவு, மருத்துவம், கல்வி ஆகியவற்றிற்கே செலவு கூடியது. மதுவிற்கும் புகையிலைக்கும் கூடவில்லை.

நம் தமிழகத்தில் ஆதரவற்ற விதவையர் ஓய்வூதியம் 1975இலும், கணவனால் கைவிடப்பட்ட மகளிர்க்கான ஓய்வூதியம் 1986இலும் தொடங்கப்பெற்றன. 2023இல் இத்தொகை மாதம் 1200 ரூபாயாக உயர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 15இல் காஞ்சிபுரத்தில் தொடங்கிவைக்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்தின்கீழ், ஒரு கோடிக்கும் மேற்பட்ட மகளிர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கப்பட்டது. அதற்கு உதவித்தொகை என்னாது ‘உரிமைத் தொகை’ எனப் பெயரிட்டது எண்ணிப் பார்க்கத்தக்கது. உதவி பெறுபவர் தலைகுனிகிறார். உரிமை பெறுபவர்க்கு அது வேண்டுவதில்லை.

ஐயமும் விடையும்

“அவ்வாறாயின் அன்னதானமும் மருந்துதானமும் சாத்திரதானமும் வேண்டாவோ?” எனலாம். அவை என்றும் வேண்டும். நோயுற்றவர்க்கு மருத்துவரும், கற்பவர்க்கு நல்லாசிரியரும் வேண்டும். பணம் மட்டும் அவ்விடங்களை நிரப்பாது. வீட்டில் குடிப்பழக்கம் உடையவர் இருந்தால், தொகை தாயின் தனிக்கணக்கிற்கே சேரவேண்டும் என்பதும் முதன்மையானது.

“உழைப்பு குன்றாதோ?” எனலாம். இந்தூர்ச் சிற்றூர்களிலும் நான் கண்ட வீட்டிலும் உழைப்பு நிற்கவில்லை. உழைப்பைத் தேர்ந்தெடுக்கும் நிலையே உண்டாயிற்று.

நான்காவது தானமாகிய அபயதானத்தை நாம் உயிர்க்கொலை தவிர்த்தல் என்பதோடு நிறுத்திவிடுகிறோம். இரங்கத்தக்க உயிர்களின் அச்சத்தை நீக்குதலே தயாதத்தி என ஆதிபுராணத்தில் ஜினசேனாசாரியார் விளக்குகிறார். வட்டி நாளை எண்ணி அஞ்சும் தாய்க்கு, அடுத்த மாதமும் ஐந்தாம் தேதி பணம் வரும் என்ற உறுதி அபயமேயன்றோ?

நாம் செய்யத்தக்கன

முறை: புகைப்படமும் மேடையும் இன்றி, குறித்த நாளில் அமைதியாக அளித்தல், எத்துணைக் காலம் என்பதை முன்னரே கூறுதல்.

பொருள்: தேவை தெளிவாகத் தெரியாதபோது பணமாகவே அளித்தல்.

கொடுப்பவர்: கணக்குக் கேளாத மனத்தைப் பயிலுதல்.

கொள்பவர்: கணவன் இறந்த நாளுக்கும் அரசு ஓய்வூதிய ஆணை வரும் நாளுக்கும் இடையே தவிக்கும் தாயரை முதலில் கருதுதல், விண்ணப்பம் எழுதவும் உடனிருந்து உதவுதல்.

இல்லத்தில் கலந்துரையாட

1. ஆதிபகவனுக்கு மணியும் பொன்னும் அளிக்க முன்வந்தவர்கள் எதனை அறியவில்லை?

2. கொடுத்த பொருளின்மேல் மயக்கம் தங்கியிருப்பதை எவ்வாறு உணரலாம்?

3. நம் ஊரில் இத்தகைய தாயர் உளரா? அவர்களுக்கு எது வேண்டும் என அவர்களிடமே கேட்டிருக்கிறோமா?

மூன்றாம் வினாவிற்கு விடை நூலில் இல்லை. இவ்வார இறுதிக்குள் அவ்வீட்டிற்குச் சென்று கேட்டறிக.

வாழ்க ஜினதருமம்!