தாத்தா வைத்துப்போன பிஸ்டல்

கேள்வி: அப்பா சமீபத்தில் காலமானார். பீரோவில் தாத்தா காலத்து வெப்ளி அண்ட் ஸ்காட் .25 பிஸ்டல் இருக்கிறது. லைசென்ஸ் அப்பா பெயரில். தோப்பில் ஒருமுறை சுட்டுப் பார்த்து, வேலை செய்தால் என் பெயருக்கு மாற்றலாம் என்றிருக்கிறேன்.
– ஒரு வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: சுடுவது கடைசி வேலை; அதை முதலில் வைத்துக்கொள்ளாதீர்கள். லைசென்ஸ் ஆளுக்குக் கொடுப்பது, துப்பாக்கிக்கு அல்ல. அப்பாவோடு அது முடிந்துவிட்டது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ அதை ஒப்படைக்க வேண்டும். பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடாதீர்கள். முதலில் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள்; எப்படிக் கொண்டுவருவது என்று அவர்களே சொல்லட்டும். அதுவரை யாரும் தொட வேண்டாம். மேகஸினைக் கழற்றினாலும் சேம்பரில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம்.

ஒப்படைத்ததும் ரசீது வாங்குங்கள். உங்கள் உரிமை எங்கும் போய்விடாது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு கலெக்டரிடம் விண்ணப்பிக்கலாம். மாநகரமென்றால் போலீஸ் கமிஷனரிடம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் வரம்பு. பரம்பரையாக வருவதும் அந்தக் கணக்கில் சேரும்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பிஸ்டலுக்கு நூறு வயதாகிறது. பழம்பொருள்தானே, லைசென்ஸ் எதற்கு?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: வயதை மட்டும் காட்டித் தப்பிக்க முடியாது. சட்டத்தின் 45-ஆம் பிரிவு பழைய அமைப்பிலான, பழம்பொருள் மதிப்புள்ள, பழுதான ஆயுதங்களுக்கு விலக்குத் தருவது உண்மை. ஆனால் ரிப்பேர் செய்தாலும் சுட முடியாது என்ற நிலையில் அது இருக்க வேண்டும். ஒரு ஸ்பிரிங்கை மாற்றினால் சுடும் பிஸ்டலுக்கு அந்த விலக்கு பொருந்தாது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை.

கேள்வி: என்னிடம் லைசென்ஸோடு .32 வெப்ளி பிஸ்டல் இருக்கிறது. நண்பரிடம் .32 ரிவால்வர். இருவரும் தோட்டாவைப் பகிர்ந்துகொள்ளலாமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கூடவே கூடாது. நம் ஊரில் இரண்டையும் ‘முப்பத்திரண்டு’ என்றே சொல்லிவிடுகிறோம், குழப்பம் அங்கேதான். உங்கள் பிஸ்டலுக்கு உரியது .32 ஏசிபி. ஜான் பிரௌனிங் வடிவமைத்து, பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவனம் 1899-இல் கொண்டுவந்தது, 7.65 பிரௌனிங் என்பதும் இதுதான். இதன் பித்தளைக் கூடு சுமார் 17 மி.மீ. நீளம். இந்திய .32 ரிவால்வர்களுக்கு உரியது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங். அதன் கூடு சுமார் 23 மி.மீ. நீளம்.

நீளமான தோட்டா உங்கள் மேகஸினில் நுழையவே நுழையாது. ஆபத்து எதிர்ப்பக்கம் இருக்கிறது. உங்கள் குட்டைத் தோட்டா நண்பரின் ரிவால்வருக்குள் பல நேரம் சமர்த்தாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அது எழுப்பும் அழுத்தம் அதிகம். பழைய ரிவால்வர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. லைசென்ஸில் எழுதியிருப்பதோடு ஸ்லைடிலும் குழலிலும் பொறித்திருப்பதையும் பாருங்கள். பெட்டியின் பெயர் அதோடு ஒத்துப்போனால்தான் வாங்குங்கள்.

கேள்வி: சித்தப்பாவிடமிருந்து முறைப்படி என் பெயருக்கு மாறிய .32 பிஸ்டல். கூடவே பழைய தோட்டாக்களும் ஒரு பெட்டி. எங்கே, எப்படிச் சுடுவது?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: அந்தப் பெட்டியை வியாபாரியிடம் கொடுத்துவிட்டுப் புதிது வாங்குங்கள். பழைய மருந்து சில நேரம் தாமதித்து வெடிக்கும். சில நேரம் சத்தம் குறைந்து, குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும்.

இந்த ரகப் பிஸ்டல்கள் பெரும்பாலும் ‘ப்ளோபேக்’ முறையில் இயங்குபவை. ஸ்லைடைப் பூட்டிவைக்கும் ஏற்பாடு கிடையாது. அதன் எடையும் பின்ஸ்பிரிங்கும்தான் வெடிப்பைத் தாங்குகின்றன. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஸ்லைடு பின்னால் ஓங்கி மோதி, நாளாவட்டத்தில் விரிசல் விடும். ஆகவே லைசென்ஸ் பெற்ற ஆர்மரர் ஒருவரிடம் ஸ்பிரிங், ஃபயரிங் பின், மேகஸினின் வாய்விளிம்பு மூன்றையும் காட்டுங்கள். தோட்டா இல்லாமல் ‘டிக் டிக்’ என்று அழுத்திப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். பழைய பின் உடைந்துபோகும். கீழே விழுந்தால் வெடிக்காமல் தடுக்கும் அமைப்பு அந்தக் காலத்துப் பிஸ்டல்களில் பெரும்பாலும் இல்லை. சேம்பரில் தோட்டாவோடு வைக்காதீர்கள்.

சுடும் இடம் ரைபிள் கிளப்பின் ரேஞ்ச் மட்டுமே. உங்கள் பிஸ்டலை அனுமதிப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். கண்ணாடியும் காதடைப்பும் கட்டாயம். முதலில் மேகஸினில் ஒரே ஒரு தோட்டா. விசையை அழுத்தியும் வெடிக்கவில்லையென்றால், இலக்கைப் பார்த்தபடியே அரை நிமிடம் பிடித்திருந்து பிறகு ரேஞ்ச் அதிகாரியைக் கூப்பிடுங்கள். பிடி சிறியது, கட்டைவிரல் மேலேறினால் ஸ்லைடு தோலைக் கிழித்துவிடும். கல்யாணத்தில் வானத்தை நோக்கிச் சுடும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள்: 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

கேள்வி: எனக்கு 72 வயது. உயிரோடு இருக்கும்போதே மகளுக்குக் கொடுக்க வழியுண்டா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: உண்டு. 2016 ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்தாரர் 70 வயதை எட்டினாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, வாரிசு ஒருவரை நியமிக்கலாம். மகளுக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். அவருக்கு விருப்பமா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் கையெழுத்து செல்லும்போதே வியாபாரி மூலம் முறைப்படி விற்றுவிடுங்கள்.