பின்பக்கம் திருப்பிப் பார்

கொசப்பாளையம்,
ஆரணி.

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு மணி நேரம் பேசினாய். எந்த கேமில் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறாய், பஸ்ஸில் கேட்கும் பாட்காஸ்ட், பாதியில் வைத்திருக்கும் நாவல், விடாமல் கேட்கும் பாட்டு என்று ஒன்றையும் விடவில்லை. கடைசியில் குரல் இறங்கி, "இதெல்லாம் டைம் வேஸ்ட்டுன்னு எல்லாரும் சொல்றாங்க சித்தப்பா, நிஜமாவே வேஸ்ட்டா?" என்று கேட்டாய். அப்போது எனக்குச் சரியாகப் பதில் வரவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

நம் ஊர் நெசவாளி ஒருவர் கையில் புடவையைக் கொடுத்தால் என்ன செய்வார், கவனித்திருக்கிறாயா? முந்தியை ஒரு பார்வை பார்ப்பார். உடனே பின்பக்கம் திருப்பிவிடுவார். ஜரிகை எங்கே மிதக்கிறது, புட்டாவின் நூலை எங்கே வெட்டியிருக்கிறார்கள், கை எங்கே தடுமாறியது, எல்லாம் பின்பக்கத்தில்தான் தெரியும். வாங்க வருகிறவர் முன்பக்கம் பார்த்தால் போதும். நெய்ய நினைக்கிறவருக்கு அது போதாது. உனக்குப் பிடித்த எல்லாவற்றையும் அப்படித் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டால் அந்த நேரம் வீணில்லை. முன்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருந்தால், மற்றவர்கள் சொல்வதை நானும் சொல்வேன்.

தாத்தாவின் குழித்தறிக்கு மேலே ஒரு பெட்டி இருந்ததே, நினைவிருக்கிறதா? ஜக்கார்டு பெட்டி. நீ சின்னக் குழந்தையாக இருந்தபோது அது கட்டக் கட்டக் என்று ஏறி இறங்குவதைப் பார்த்துச் சிரிப்பாய். அதில் 120 கொக்கிகள். பக்கத்தில் மாலைபோலக் கோத்துத் தொங்கும் அட்டைகளில் துளைகள். அட்டையில் துளை இருந்தால் ஊசி உள்ளே போகும்; கொக்கி நின்ற இடத்தில் நின்று பாவு இழையைத் தூக்கும். துளை இல்லையென்றால் ஊசி பின்னுக்குத் தள்ளப்பட்டுக் கொக்கி விலகிவிடும். இழை கீழேயே கிடக்கும். ஊடை ஒரு தடவை போவதற்கு ஒரு அட்டை. உண்டு, இல்லை என்ற இரண்டே சொற்களில் அன்னமும் ருத்ராட்சமும் மாங்காயும் பிறந்தன.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது புது டிசைனுக்கான அட்டைகளைக் கோக்கும் வேலையை அப்பா என்னிடம் கொடுத்தார். இரண்டு அட்டைகளை முன்பின்னாக மாற்றிக் கோத்துவிட்டேன். ஒவ்வொரு மாங்காயிலும் மூக்கு ஓரிடத்தில் நொறுங்கி வந்தது. அப்பா என்னைத் திட்டவில்லை. டிசைன் வரைந்த கட்டத்தாளை என் முன் விரித்து வைத்து, "எந்த வரின்னு நீயே கண்டுபிடி" என்றார். சாயங்காலம் வரை வரி வரியாக விரல் வைத்து எண்ணினேன். கண்டுபிடித்த நிமிடத்தில் வந்த சந்தோஷத்தை எந்த கேமை முடித்தபோதும் நான் அடைந்ததில்லை. கேம் எழுதுகிறவர்கள் இதைத்தான் 'பக்' தேடுவது என்கிறார்கள்.

இந்தப் பெட்டியின் வம்சம் பெரியது. பிரான்சில் லியோன் என்ற பட்டு நெசவு ஊர். அங்கே 1804-ல் ஜோசப் மரி ஜக்கார்டு இந்தத் தறியைக் கொண்டுவந்தார். அதுவரை பூவேலைத் தறியில் இன்னொரு ஆள் கூடவே இருந்து கயிறு இழுக்க வேண்டும், பெரும்பாலும் சிறுவர்கள். பிற்பாடு ஜக்கார்டின் உருவத்தையே ஏறக்குறைய 24,000 அட்டைகள் வைத்துப் பட்டில் நெய்தார்கள். அதில் ஒரு பிரதியை லண்டனில் சார்லஸ் பாபேஜ் வைத்திருந்தார். தான் வடிவமைத்த கணக்கு இயந்திரத்துக்குக் கட்டளை கொடுக்க அவர் தேர்ந்தெடுத்ததும் துளை அட்டையைத்தான். 1843-ல் அந்த இயந்திரத்தைப் பற்றிக் குறிப்பு எழுதிய ஏடா லவ்லேஸ் அதை ஜக்கார்டு தறியோடு ஒப்பிட்டார். எண்களைத் தாண்டி, ஒரு நாள் அது இசைகூட அமைக்கலாம் என்றும் எழுதினார். கம்ப்யூட்டர் என்று ஒன்று செய்யப்படுவதற்கு நூறு வருஷம் முன்னால்! ஆகவே பாப்பா, உன் கையில் இருக்கும் கேமுக்குத் தாய்வழிச் சொந்தம் தறிவீடு. இதை நான் பெருமையோடு எழுதுகிறேன்.

சரி, கேமைத் திருப்பிப் பார்ப்பது எப்படி? நானும் உன் அப்பாவும் டிவியில் கேசட் மாட்டி விளையாடிய மாரியோவை எடுத்துக்கொள். 1985-ல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' முழுவதும் 40 கிலோபைட். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு போட்டோ பெரும்பாலும் அதைவிடப் பெரிது. இடம் இல்லாததால் என்ன செய்தார்கள்? மேகத்துக்கு ஒரு படம் வரைந்தார்கள். அதையே பச்சையாக்கித் தரையில் வைத்துப் புதர் என்றார்கள். அடுத்த தடவை உற்றுப் பார், இரண்டும் ஒரே உருவம். மாரியோ இடப்பக்கம் திரும்பத் தனிப் படம் கிடையாது. வலப்பக்கப் படத்தையே இயந்திரம் கண்ணாடிபோலத் திருப்பிக் காட்டும். நம் தறியிலும் இதே வித்தைதான். கொக்கிக்கு ஒரே இழை என்றால் 120 இழை அகலத்துக்குமேல் பூ போட முடியாது. ஒரு கொக்கியில் பல இடத்துக் கயிறுகளைச் சேர்த்துக் கட்டினால் அதே பூ வரிசையாக வரும்; கயிறுகளை எதிர்வரிசையில் கட்டினால் பாதித் தாமரை வரைந்து முழுத் தாமரை நெய்யலாம்.

இன்னொன்று. 1978-ல் ஜப்பானில் தொமோஹிரோ நிஷிகாதோ செய்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'. எதிரிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவர்கள் வேகமாக வருவார்கள். அதை யாரும் முதலில் திட்டமிடவில்லை. திரையில் வரைய வேண்டியவை குறைந்ததும் இயந்திரத்துக்குப் பளு குறைந்து, அது தானாகவே வேகமெடுத்தது. நிஷிகாதோ அதைத் திருத்தாமல் விட்டார். இன்றும் கேம்கள் போகப் போகக் கடினமாவதில் அந்த முடிவின் கை இருக்கிறது.

நீ இன்னும் விளையாடாத ஒன்றைச் சொல்கிறேன்: 'வெண்பா'. டொராண்டோவில் இருக்கும் நம் தமிழ்ப் பையன் அபியும் அவருடைய சிறிய குழுவும் செய்தது. 2023 ஜூலையில் வந்தது. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன வெண்பா, பாவலன், அவர்களுடைய மகன் கவின், இவர்களின் கதை. வெண்பாவுக்கு அவள் அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் கறைபட்டும் போயிருக்கிறது. விட்டுப்போன வரிகளை நாம்தான் யோசித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி ஒழுங்காக ஏறும்? உன் பாட்டியைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வார். கேம் உன்னை யோசிக்க வைக்கும். சமைக்கும்போது பின்னணியில் பாட்டு. தமிழ்ச் சினிமா இசையின் வெவ்வேறு காலங்களை நினைவூட்டும் புதுப் பாடல்கள். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேம் என்ற பரிசு அதற்குக் கிடைத்தது.

அதன் பின்பக்கத்தைப் பார். பிள்ளை தன் மொழியையும் வீட்டையும் மறந்துகொண்டே போகிறான் என்பது கதை. அழிந்த எழுத்துகளை மீட்டு எடு என்பது விளையாட்டு. இரண்டும் ஒன்றே. விதியே கதையைச் சொல்கிறது. அன்னமும் அது நீந்தும் கரையும் ஒரே பாவில் இருப்பதுபோல. கோடிக்கணக்கில் செலவழித்த எத்தனையோ கேம்களில் கதை ஒரு பக்கமும் சண்டை ஒரு பக்கமுமாகக் கிடக்கிறது. அவற்றைவிட இந்தச் சின்ன கேம் எனக்கு உயர்ந்தது.

பாட்காஸ்ட் புதிது என்று நினைக்கிறாய். தறியில் கையும் காலும் வேலை செய்யும், காது சும்மா இருக்கும். அதனால் தறி இருந்த வீட்டில் ரேடியோ இருந்தது. தாத்தாவுக்கு இலங்கை வானொலி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர்களைச் சொந்தக்காரர்கள் மாதிரி சொல்வார். கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல் ஒருவர் உட்கார்ந்து செய்தியும் நாவலும் உரக்கப் படிப்பது வழக்கமானது. கண்ணூரில் 1969-ல் தொடங்கிய தினேஷ் பீடி கூட்டுறவிலும் அப்படித்தான். படிக்கிறவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். அறிவுக்காக உழைப்பைப் பங்கு போட்டுக்கொண்ட மனிதர்கள் அவர்கள். நீ பஸ்ஸில் கேட்கும்போது, பேசுகிறவர் எங்கே நிறுத்துகிறார், எங்கே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று கவனி.

பாட்டுக்கு ஒரே பயிற்சி போதும். இளையராஜா 1978-ல் 'ப்ரியா' பாடல்களை ஸ்டீரியோவில் பதிவு செய்தார். இயர்போனின் இடப்பக்கத்தை மட்டும் மாட்டி ஒரு பாட்டைக் கேள். பிறகு வலப்பக்கம் மட்டும். மூன்றாவது தடவை குரலை விட்டுவிட்டு பேஸ் கிதாரை மட்டும் பின்தொடர். நாவலுக்கும் ஒன்று: 'பொன்னியின் செல்வன்' 1950-ல் 'கல்கி' இதழில் தொடராகத் தொடங்கியது. அடுத்த வாரம் வரை வாசகர் காத்திருக்க வேண்டும். அத்தியாயங்களின் கடைசிப் பத்தியை மட்டும் வரிசையாகப் படித்துப் பார்.

இப்போது பல தறிகளில் அட்டை போய்விட்டது. டிசைனைக் கம்ப்யூட்டரில் வரைந்து பென் டிரைவில் ஏற்றி எலக்ட்ரானிக் ஜக்கார்டில் செருகுகிறார்கள். வரைகிறவர் முன்னால் இன்னும் கட்டங்கள்தான். கேம் செய்கிறவர் முன்னாலும் அதே கட்டங்கள்.

ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு எல்லோரும் போகிறோம். நீயும் வருவாய் என்று அண்ணி சொன்னார். வரும்போது கட்டத்தாள் நோட்டு ஒன்றும் மூன்று கலர் பென்சிலும் கொண்டு வா. பதினாறு கட்டத்துக்குப் பதினாறு கட்டம், மூன்றே நிறம். சின்ன மாரியோவுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அதற்குள் நம் மாங்காயை வரைந்து எடுத்து வா. மறுநாள் இருவருமாகத் தறிக்குக் கொண்டுபோவோம்.

அன்புடன்,
சித்தப்பா