பேச்சு வராத வயசில் முகமே பேச்சு



சேமிப்பு, கடன், வட்டி என்று மாதாமாதம் கணக்கு பேசும் நாம், இந்த மாதம் வீட்டிலுள்ள சின்னப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம்.

இரண்டு வயசுப் பிள்ளைக்கு "எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லத் தெரியாது. ஆனால் பயம் இருக்கும். அதை முகத்தாலும் சத்தத்தாலும்தான் சொல்லும். நாம் அதைக் கேட்கிறோமா, அடக்குகிறோமா?

நம்ம வீடுகளில் நடப்பது

பிள்ளை அழுதால், "வாய மூடு, பூச்சாண்டி பிடிச்சிட்டுப் போயிருவான்" என்கிறோம். பையன் அழுதால், "ஆம்பளப் பிள்ள அழலாமால?" என்கிறோம். பெண் பிள்ளை கோவப்பட்டால், "பொட்டப் பிள்ளைக்கு இவ்வளவு கோவம் ஆகாது" என்கிறோம். வேலை அவசரத்தில் சொல்வதுதான். அழுகை நின்றுவிடும். ஆனால் பயம் நிற்காது, உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதில் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அழுதால் திட்டு விழும் என்று பழகிய பிள்ளை, நாளைக்கு யாராவது தப்பாகத் தொட்டாலும் வாய் திறக்கத் தயங்கும். மனதில் உள்ளதை வெளியே காட்டப் பழகுவது பிள்ளைக்கு ஒரு பாதுகாப்பு.

முகத்துக்கும் இலக்கணம் உண்டு

தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஒரு பகுதி இருக்கிறது. மனதில் எழுவது உடம்பில் தெரிவதுதான் மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. நம்ம பேச்சில் சொன்னால் சிரிப்பு, அழுகை, கூச்சமும் அருவருப்பும், ஆச்சரியம், பயம், பெருமை, கோவம், சந்தோஷம். ஆணோ பெண்ணோ, இந்த எட்டும் எல்லாருக்கும் வரும்.

பிள்ளைக்கு இது படிப்படியாக வரும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் நம் முகம் பார்த்துச் சிரிக்கும். ஆறு மாதம் போல "பா பா, மா மா" என்று சத்தம் அடுக்கும். எட்டு, ஒன்பது மாதத்தில் புது ஆளைக் கண்டால் மிரளும். ஒரு வயசு நெருங்கும்போது, புதுசாக எதைப் பார்த்தாலும் முதலில் அம்மா முகத்தைத் திரும்பிப் பார்க்கும். அம்மா சிரித்தால் கிட்டே போகும், பயந்தால் ஒதுங்கும். நம் முகம்தான் அதற்கு முதல் பாடப் புத்தகம்.

1970-களில் அமெரிக்காவில் எட்வர்ட் டிரானிக் என்ற உளவியல் அறிஞர் ஒரு சோதனை செய்தார். கைக்குழந்தையோடு கொஞ்சி விளையாடிய தாயை, சில நிமிஷம் முகத்தில் எந்த மாற்றமும் காட்டாமல் சும்மா பார்க்கச் சொன்னார். பிள்ளை சிரித்துப் பார்த்தது, கை நீட்டியது, சத்தம் கொடுத்தது. பதில் இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது, அழுதது. தாய் மறுபடி கொஞ்சவும் தேறிக்கொண்டது.

பீடித்தட்டோ செல்போனோ மடியில் இருக்கும்போது நம் முகமும் அப்படித்தான் ஆகிப் போகிறது. கை வேலையை நிறுத்த முடியாவிட்டாலும், புகையிலைத் தூள் படாத தூரத்தில் பிள்ளையை உட்கார வைத்து, அடிக்கடி நிமிர்ந்து பார்த்து ஒரு சிரிப்பு, ஒரு "ம்ம்" கொடுக்கலாம். அதற்குக் காசு செலவில்லை.

செய்து பார்ப்போம்

1. கண்ணாடி விளையாட்டு: பிள்ளையை மடியில் வைத்துக் கண்ணாடி முன் உட்காருங்கள். "சந்தோஷ மூஞ்சி எப்படி? கோவ மூஞ்சி எப்படி?" என்று நீங்கள் செய்து காட்டுங்கள். பிறகு பிள்ளை செய்யட்டும், நீங்கள் கண்டுபிடியுங்கள்.

2. சத்த விளையாட்டு: தாயைக் காணாத ஆட்டுக்குட்டி எப்படிக் கத்தும்? தாய் வந்ததும் எப்படிக் கத்தும்? ஆடிக் காத்து கதவை அடிக்கும் சத்தம் கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்? வள்ளியூர் ஸ்டேஷனில் ரயில் வரும்போது எப்படிக் கூவும்? கல்யாண வீட்டில் குலவை போடுவது எப்படி? சேர்ந்து சத்தம் போடுங்கள்.

3. சிரட்டை முகம்: நாலு சிரட்டையில் சாக்பீஸால் சிரிப்பு, அழுகை, கோவம், பயம் என நாலு முகம் வரையுங்கள். சாயங்காலம், "இன்னைக்கு நீ எந்தச் சிரட்டை?" என்று கேளுங்கள். பேச்சு சரியாக வராத பிள்ளையும் எடுத்துக் காட்டும்.

4. பெயர் சொல்லுங்கள்: பிள்ளை பொருளை விட்டெறிந்தால், "பொம்மையப் பிடுங்கிட்டான்னு கோவமா வருதா மக்கா?" என்று கேளுங்கள். பிறகு, "கோவப்படலாம், அடிக்கக் கூடாது. கால வேணா ஓங்கி மிதி" என்று வழி சொல்லுங்கள். உணர்ச்சி தப்பில்லை, அடுத்தவருக்கு வலிக்கும்படி செய்வதுதான் தப்பு.

அங்கன்வாடியில் "ஆடிப் பாடி விளையாடு பாப்பா" பாடத்திட்டத்தில் பாட்டும் கதையும் நடிப்பும் உண்டு. அங்கே படித்ததை வீட்டில் செய்து காட்டச் சொல்லுங்கள். டீச்சரிடம், "என் பிள்ள முகம் இன்னைக்கு எப்படி இருந்துச்சு?" என்றும் கேட்கலாம்.

கவனிக்க வேண்டியவை

மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காத பிள்ளை, சத்தம் கேட்டும் திரும்பாத பிள்ளை, ஒரு வயசாகியும் "பா பா" என்று சத்தம் அடுக்காத பிள்ளை இருந்தால், "போகப் போகச் சரியாகும்" என்று காத்திருக்காதீர்கள். காது கேட்பதில் குறை இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். கிராம சுகாதார செவிலியரிடம் உடனே சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் பலன் அதிகம்.

நன்றாகச் சிரித்து விளையாடிய பிள்ளை திடீரென்று ஒடுங்கிப் போனாலோ, ஒருத்தரைக் கண்டாலே மிரண்டாலோ, அதட்டாமல் மெதுவாகக் கேளுங்கள். சொல்வதை நம்புங்கள். உதவி தேவைப்பட்டால் 1098 என்ற எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம்.

குழுக் கூட்டத்தில் பேச

* பிள்ளை அழுதால் நம் வாயில் முதலில் வரும் வார்த்தை எது? அதற்குப் பதிலாக என்ன சொல்லலாம்?
* பையன் அழுகையையும் பெண் பிள்ளை கோவத்தையும் வேறு வேறாகப் பார்க்கிறோமா?
* வீட்டில் ஆண்களையும் மாமியாரையும் இந்த விளையாட்டில் எப்படிச் சேர்ப்பது?

ஒவ்வொரு உறுப்பினரும் இந்த வாரம் ஒரு விளையாட்டாவது செய்து பார்த்து, அடுத்த கூட்டத்தில் பிள்ளை என்ன செய்தது என்று சொல்லுங்கள். பிள்ளை இல்லாத வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு செய்யலாம்.