வைத்திய மாணாக்கரும் தடுப்பூசியும்

மன்னார்புரத்திலும் அதனை அடுத்த ஊர்களிலும் வசிக்கும் அங்கத்தினர் தம் பிள்ளை திருச்சிராப்பள்ளி கி. ஆ. பெ. விசுவநாதம் அரசினர் மருத்துவக் கல்லூரியிலோ, ஒரு தாதிப் பள்ளியிலோ சேர்ந்தால் மகிழ்வது இயல்பே. கல்விக் கடன் கேட்கையில் கட்டணம், புத்தகம், விடுதிச் செலவு யாவற்றையும் கணக்கிடுவர். தடுப்பூசியைக் கணக்கில் சேர்ப்பவர் அரியர். அதற்குப் பணத்தைக் காட்டிலும் காலமே அதிகம் வேண்டும்.

வைத்தியம் பயில்வோர் முக்கியமாக அஞ்சத்தக்கது ஹெபடைடிஸ் பி என்னும் ஈரல் வியாதி. அசுத்த ஜலத்தால் வரும் காமாலை வேறு, இது வேறு. இது இரத்தத்தின் வழியே தொற்றி, சிலருக்குப் பல்லாண்டுகள் உள்ளே தங்கி ஈரலைக் கெடுத்துப் புற்றுநோயும் உண்டாக்கும். உலர்ந்த இரத்தத்திலும் இதன் கிருமி 7 நாட்கள் வரை பிழைத்திருக்கும். இவ்வியாதியுள்ளவருக்குக் குத்திய ஊசி, தடுப்பூசி பெறாத ஒருவர் விரலில் தைத்தால், நூற்றுக்கு 6 முதல் 30 பேர் வரை தொற்றுக்கு உள்ளாகலாம். எய்ட்ஸ் கிருமியோ அவ்வாறு 1000-க்கு 3 பேரையே பற்றும். ஊசி பிடிக்கப் புதிதாய்ப் பழகும் கைக்கே ஆபத்து அதிகமென்பது சொல்லாமலே விளங்கும்.

வரப்போரத்துக் கீழாநெல்லி இருக்க ஊசி எதற்கு என்பாரும் உளர். 1988-இல் சென்னை ஆராய்ச்சியாளர் தியாகராஜன் முதலியோர், இக்கிருமியைக் கண்டறிந்த புளும்பர்க்குடன் சேர்ந்து, அம்மூலிகை பயன் தந்ததாக லான்செட் பத்திரிகையில் எழுதியது மெய்யே. பிறவிடங்களில் நடந்த சோதனைகளில் அப்பயன் உறுதிப்படவில்லை. தடுப்பூசியின் பயனோ ஐயத்துக்கு இடமற்றது. 1997-இல் ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் கம்பெனி அதனை இந்நாட்டிலேயே செய்ததும் விலையும் இறங்கிற்று.

முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவதும், ஆறாம் மாதம் மூன்றாவதும் போடவேண்டும். ஒன்றிரண்டு மாதத்திற்குப்பின் இரத்தத்தைச் சோதித்து, எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டாவது உண்டா என்று பார்ப்பர். குறைந்தால் மறுபடியும் மூன்று ஊசி. கல்லூரியில் சேர்ந்த அன்று தொடங்கினால் ஆறு மாதமும் அரைக் காப்புடனேயே நோயாளிகளிடம் செல்ல நேரும். 2019 முதல் வைத்தியப் படிப்பின் தொடக்கப் பயிற்சியில் தடுப்பூசியும் ஒரு பாடமாயிற்று; எனினும் பாடத்தைக் கேட்பது காப்பாகாது.

தமிழ்நாட்டில் 2007-08 முதல் கைக்குழந்தைகளுக்கு இவ்வூசி போடப்பட்டு வருகிறது. அந்த அட்டையைப் பெற்றோர் நிலப் பத்திரத்தோடு சேர்த்துக் காப்பது நன்று. அட்டை இருந்தால் இரத்தத்தைச் சோதித்து, சக்தி குறைந்திருப்பின் ஓர் ஊசி போட்டுப் பார்ப்பர். இல்லையேல் மூன்றும் புதிதாகவே.

சின்னம்மை, தட்டம்மை வராதவரும் அவற்றிற்கு ஊசி போடாதவரும் அதனையும் முடித்தல் வேண்டும். பிரசவ வார்டிலுள்ள தாய்க்கும் சிசுவுக்கும் நோயைக் கொண்டுசெல்பவர் அம்மாணாக்கராகவே இருக்கக்கூடும்.

ஊசி தைத்துவிட்டால் சோப்பிட்டுத் தண்ணீரில் கழுவி, வெட்கமோ அச்சமோ இன்றி அப்பொழுதே மேலதிகாரியிடம் தெரிவிக்குமாறு பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புக. காப்பில்லாதவருக்கு இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தை 24 மணி நேரத்திற்குள் செலுத்துவது உத்தமம். கூடவே தடுப்பூசியும் அன்றே தொடங்கப்படும்.